குரங்கு நடக்கும்போது தோளும் கையும் என்ன வேலை செய்கின்றன?

மலைக்காற்று எழுதியது:

வால்பாறைப் பக்கம் எடுத்த சில ஸ்லோமோஷன் வீடியோக்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் நாட்டுக் குரங்கு ஒன்று பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் நிதானமாக நடக்கிறது. பக்கத்திலேயே ரோட்டில் ஒரு நாயும் போகிறது. இரண்டும் நாலு காலில்தான் நடக்கின்றன, ஆனால் நடை ஒன்றாக இல்லை.

நாய் இடது பின்காலை ஊன்றினால் அடுத்து ஊன்றுவது இடது முன்கால். குரங்கு இடது பின்காலை ஊன்றினால் அடுத்து ஊன்றுவது வலது கை. இன்னொன்று, குரங்கின் கை நன்றாக எட்டிப் போய், முகத்துக்கு நேராகவோ அதற்கும் கொஞ்சம் முன்னாலோதான் சுவரைத் தொடுகிறது. நாயின் முன்கால் அவ்வளவு எட்டுவதில்லை.

இவ்வளவு தூரம் கையை நீட்டி ஊன்றுகிறது என்றால், அந்தக் கையை வைத்து உடம்பை முன்னால் இழுக்கத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதுகுத் தசையும் மார்புத் தசையும் சேர்ந்து இழுக்குமா? உடற்கூறு தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

நல்ல கவனிப்பு, தம்பி. நீங்கள் பார்த்த கால் வரிசை பிரைமேட்டுகளுக்கே (தேவாங்கு, குரங்கு, மனிதக் குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய பாலூட்டி வரிசை) உரிய அடையாளங்களில் ஒன்று. எட்வர்ட் மைபிரிட்ஜ் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடுத்த 781 படத்தட்டுகளை 1887-ல் வெளியிட்டார். குதிரை, நாய், பூனை எல்லாம் இருக்கும் அந்தத் தொகுப்பில் ஒரு பபூன் குரங்கும் நடக்கும். அப்போதே குரங்கின் நடை மற்றதிலிருந்து விலகித் தெரிந்தது. பிறகு 1967-ல் கலிஃபோர்னியாவின் மில்டன் ஹில்டிபிராண்ட் பல பிரைமேட் இனங்களின் நடையை அளந்து, பெரும்பாலானவை மூலைவிட்ட வரிசையில்தான் நடக்கின்றன என்று காட்டினார். அதாவது ஒரு பின்கால், அடுத்து எதிர்ப்பக்கக் கை. மற்ற பாலூட்டிகளில் அதிகம் காணப்படுவது ஒரே பக்க வரிசை, உங்கள் நாய் நடந்தது போல.

தசை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் என்பேன். முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பி மேற்கை எலும்பில் போய் ஒட்டும் பெரிய தசை லாட்டிசிமஸ் டார்சை. அதற்குத் துணையாகத் தோள்பட்டை எலும்பிலிருந்து மேற்கைக்கு வரும் டெரஸ் மேஜர், மார்புத் தசையின் கீழ்ப்பகுதி. மூன்றும் மேற்கையைப் பின்னுக்கு இழுப்பவை. கை தரையில் ஊன்றியிருக்கும்போது இவை சுருங்கினால் கை நகராது, உடம்புதான் முன்னால் வரும். வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தோள்மூட்டு எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன அமைப்பு சரி. ஆனால் அந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து அது எப்போது வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இந்தத் துறையில் நடந்த மிக அழகான வேலையே அதைப் பற்றியதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு தசை சுருங்குகிறதா என்று தெரிய அதன் மின்துடிப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் ஈஎம்ஜி என்று எடுப்பார்களே, அதே முறை. விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்து, முடியை விட மெல்லிய கம்பிகளை ஊசி வழியாகத் தசைக்குள் வைத்துவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். விழித்த பிறகு விலங்கு தன் போக்கில் நடக்கும். பதிவு முடிந்ததும் கம்பியை இழுத்தால் வந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் டட்டிலும் ஜான் பாஸ்மாஜியனும் அட்லாண்டாவின் யெர்க்ஸ் பிரைமேட் ஆய்வு மையத்தில் கொரில்லா, சிம்பன்சி, உராங்குட்டான் ஆகியவற்றின் தோள், கைத் தசைகளை இப்படிப் பதிந்தார்கள். அதன் பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஸ்டெர்ன், ராண்டல் சஸ்மன், சூசன் லார்சன் ஆகியோர் சிக்னலை ரேடியோ மூலம் அனுப்பும் முறையைப் பயன்படுத்தினார்கள். குரங்குக்குப் பின்னால் ஒயர் இழுபடாது. நடையை வீடியோ எடுத்து, மின்துடிப்பையும் அதோடு நேரம் பொருத்திப் பதிந்தார்கள். கை ஊன்றியிருக்கும் நேரத்தில் எந்தத் தசை துடிக்கிறது, கை காற்றில் வீசும் நேரத்தில் எது துடிக்கிறது என்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சொல்லிவிடலாம்.

லார்சனும் ஸ்டெர்னும் 1987-ல் சிம்பன்சியைப் பற்றியும் 1989-ல் ஆப்பிரிக்க வெர்வெட் குரங்கைப் பற்றியும் எழுதினார்கள். லாட்டிசிமஸ், டெரஸ் மேஜர், கீழ் மார்புத் தசை மூன்றும் உடம்பை முன்னிழுக்க வேண்டுமென்றால் கை தரையில் இருக்கும்போதுதான் துடிக்க வேண்டும். இந்த இரண்டு இனங்களிலும் அந்த நேரத்தில் அவை பெரும்பாலும் அமைதியாக இருந்தன. துடித்தது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கை முன்னால் வீசி முடியப் போகும் கட்டத்தில், வேகமாக வரும் கையை அடக்கி மெதுவாகத் தரையில் வைக்க. மற்றொன்று, ஊன்றல் முடிந்து கையைத் தரையிலிருந்து எடுக்கும் கட்டத்தில், மேற்கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து விரல்கள் தடுக்காமல் தூக்க.

ஆக, பெரிய இழுப்புத் தசை என்று நாம் நினைத்தது அங்கே பிரேக் போடுகிறது, கையை எடுத்துக் கொடுக்கிறது. இந்தப் பதிவுகளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

கால்நடை வைத்தியன் எழுதியது:

தோள்மூட்டு அக்கா எழுதியதைப் படித்தேன், ரசித்தேன். நாய் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் ஒப்பிடும்போது நாயைப் பற்றிய படமும் சரியாக இருக்க வேண்டும்.

நாய்க்கும் குதிரைக்கும் தோள்பட்டை எலும்பு உடம்போடு எலும்பால் இணைக்கப்படவில்லை. நமக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்கு இல்லவே இல்லை. நாய்க்கு இருப்பது பெயருக்கு ஒரு துணுக்கு. விலா எலும்புகளிலிருந்து கிளம்பித் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒட்டும் செர்ரேட்டஸ் தசைதான் இரண்டு பக்கமும் நெஞ்சுக்கூட்டைத் தாங்குகிறது. தூளியில் குழந்தை தொங்குவது போல நெஞ்சுக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தொங்குகிறது. 2006-ல் டேவிட் கேரியர் குழு மெல்லோட்டமாகப் போகும் நாய்களில் இந்தத் தசைகளைப் பதிந்தபோது, எடை தாங்கும் முக்கிய வேலையைச் செர்ரேட்டஸின் மார்புப் பகுதியே செய்வதைப் பார்த்தார்கள்.

நின்றுகொண்டிருக்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களில். குதிரையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால்தான் வயதான நாய்க்குத் தோளிலோ முழங்கையிலோ வலி வந்தால் நடை உடனே கெட்டுப்போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீரான வேகத்தில் சமதளத்தில் போகும் நாயிலும் முன்கால் மொத்தத்தில் பிரேக் போடும் பக்கம்தான், தள்ளுவது பின்கால்தான். "நாயின் முன்கால் என்ஜின், குரங்கின் கை என்ஜின் இல்லை" என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் அது நாய்க்கு நியாயமாகாது.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

டாக்டர் சொன்ன கடைசி வரி முக்கியம். அதோடு என் சந்தேகமும் இருக்கிறது. சிம்பன்சி என்பது கிளையில் தொங்கப் பழகிய உடம்பு. தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் போய்விட்டது, தோள்குழி மேல்நோக்கி இருக்கிறது, கை காலை விட நீளம். அது தரையில் நடப்பதே சமரசம்தான். அதையும் ஒரு வெர்வெட்டையும் வைத்து 'பிரைமேட்டுகள் இப்படி' என்று சொல்லிவிடலாமா? பிரைமேட் வரிசையில் தேவாங்கு முதல் கொரில்லா வரை இருக்கிறது. இரண்டு இனம் போதாது.

தோள்மூட்டு எழுதியது:

ஐயா கேட்ட கேள்வியைத்தான் லார்சனும் ஸ்டெர்னும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். இன்னும் பல இனங்களைச் சேர்த்து 2007-ல் விரிவாக வெளியிட்டார்கள். முடிவு என்னவென்றால், கையைப் பின்னிழுக்கும் தசைகளில் 'இதுதான் பிரைமேட் முறை' என்று ஒன்று கிடையாது. இனத்துக்கு இனம் மாறுகிறது. மற்ற பாலூட்டிகளிலிருந்து எல்லாப் பிரைமேட்டுகளையும் ஒரே கோட்டில் பிரித்துவிட முடியாது.

இதை அவர்களே எழுதினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1989-ல் தாங்கள் சொன்ன கருத்தின் எல்லையைத் தாங்களே அளந்து காட்டிவிட்டார்கள். இன்றும் பலர் முதல் கட்டுரைகளை மட்டும் மேற்கோள் காட்டி 'பிரைமேட்டின் லாட்டிசிமஸ் நடக்கும்போது சும்மா இருக்கும்' என்று எழுதுகிறார்கள். அது வெர்வெட்டுக்கும் சிம்பன்சிக்கும் பொருந்தும், எல்லாவற்றுக்கும் இல்லை.

ஆனால் தம்பியின் கேள்விக்கு இது மாற்றம் தராது. 'கையை எட்டிப் போடுகிறது, ஆகவே இழுக்கிறது' என்று கண்ணால் பார்த்ததை வைத்து ஊகிக்க முடியாது என்பது அப்படியே நிற்கிறது.

முதுகலை மாணவி எழுதியது:

கை எட்டிப் போவதற்கும் எடை பின்னால் போவதற்கும் தொடர்பு இருக்கிறது. எங்கள் வகுப்பில் இதைப் பற்றித்தான் இந்தப் பருவம் முழுக்கப் பேசினோம், அதனால் எழுதுகிறேன்.

தரையில் அழுத்தத்தை அளக்கும் தட்டுகளின் மேல் நடக்கவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான பிரைமேட்டுகளில் பின்கால் வாங்கும் உச்ச விசை கை வாங்குவதை விட அதிகம். நாய்க்கு நேர் எதிர். 1970-களின் கடைசியில் கிமுராவும் சக ஆய்வாளர்களும் ஜப்பானில் இதைக் காட்டினார்கள். 1985-ல் ரெய்னால்ட்ஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். பின்காலை உடம்புக்கு அடியில் நன்றாக முன்னால் ஊன்றிவிட்டு, இடுப்பின் பின்பக்கத் தசைகளை இறுக்கினால் உடம்பின் முன்பகுதி லேசாக மேலே எழும்பும், கையின் சுமை குறையும். அதாவது எடையைத் தசையால் பின்னுக்குத் தள்ளுகிறது.

இதற்கு எதிர்க்கருத்தும் உண்டு. 2009-ல் ரெய்க்லன் குழு சிம்பன்சிகளை வைத்துச் சொன்னது, கையும் காலும் உடம்பைப் பொறுத்து எங்கே ஊன்றுகின்றன என்பதைக் கணக்கில் எடுத்தாலே எடைப் பங்கீடு பெரும்பாலும் விளங்கிவிடும், தனியாகத் தசையால் தள்ள வேண்டியதில்லை என்று. கை ரொம்ப முன்னால் ஊன்றினால் உடம்பின் எடை மையத்திலிருந்து அது தள்ளிப்போகிறது. பின்கால் அடியில் வந்து ஊன்றினால் அது எடை மையத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அப்போது பின்கால்தானே அதிகம் தாங்கும்? எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ரெய்னால்ட்ஸ் பக்கம்.

ஏன் இப்படி ஒரு நடை வந்தது என்பதற்கு மெல்லிய கிளைகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். புதுக் கிளையில் கையை வைக்கும்போது அது ஒடியுமா, ஆடுமா என்று தெரியாது. மூலைவிட்ட வரிசையில் அந்தக் கை இறங்கும் நேரத்தில் எதிர்ப்பக்கப் பின்கால் ஏற்கெனவே உடம்புக்கு அடியில் கிளையைப் பிடித்து ஊன்றியிருக்கும். கிளை ஒடிந்தாலும் பிடி இருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் பிரைமேட்டே இல்லாத ஒரு விலங்கு. தென் அமெரிக்காவின் கம்பளி ஒப்போசம், பையுடைய விலங்கு, மெல்லிய கிளைகளில் பற்றிப் பற்றி நடப்பது. டேனியல் ஷ்மிட், பியர் லெமலின் இருவரும் 2002-ல் அதை அளந்தார்கள். மூலைவிட்ட வரிசை, முன்னால் எட்டும் கை, பின்காலில் கூடுதல் எடை மூன்றும் அதற்கு இருந்தது. தரையில் வாழும் அதன் உறவினமான குட்டைவால் ஒப்போசத்திடம் இல்லை. மறுபக்கம், மார்மோசெட் ஒரு குரங்குதான், ஆனால் அதன் விரல்களில் நகத்துக்குப் பதில் கொக்கி போன்ற உகிர். பெரிய மரத்தண்டில் உகிரைக் குத்தி ஏறும். அதன் நடையில் ஒரே பக்க வரிசை அடிக்கடி வரும், கைகளிலும் எடை கூடுதலாக விழும். உறவு முறையை விட, எந்த இடத்தில் நடந்து பழகியது என்பதே நடையைத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

மலைக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்போது கேள்வி திரும்பிவிட்டது. கை இழுக்கவில்லை, எடையிலும் பாதிக்குக் குறைவாகத்தான் தாங்குகிறது என்றால், ஊன்றியிருக்கும் நேரத்தில் தோளில் எந்தத் தசைதான் வேலை செய்கிறது?

தோள்மூட்டு எழுதியது:

நிறையத் தசைகள் வேலை செய்கின்றன. இழுப்பது மட்டும்தான் வேலை என்று நினைப்பதால் மற்றவை கண்ணில் படுவதில்லை.

முதலில் மூட்டு மடங்காமல் பார்க்க வேண்டும். உடம்பின் எடை மேலிருந்து அழுத்தும்போது முழங்கை மடங்கப் பார்க்கும். மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. தோள்மூட்டும் மடங்கப் பார்க்கும், அங்கே சுப்ராஸ்பைனேட்டஸ் வருகிறது. தோள்பட்டை எலும்பின் மேல் பள்ளத்தில் இருக்கும் சின்னத் தசை. நம்மில் கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும் தசை என்று பிசியோதெரபியில் படிப்போம், நாற்பது வயதுக்கு மேல் கிழிந்து தொல்லை கொடுப்பதும் அதுதான். நாலு காலில் நடக்கும் குரங்குகளில் அது கை ஊன்றியிருக்கும் நேரத்தில் துடித்து, தோள்மூட்டு தொய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. லார்சனும் ஸ்டெர்னும் 1992-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

எலும்பிலேயே இதைப் பார்க்கலாம். பபூன் போலத் தரையில் நடக்கும் குரங்கின் மேற்கை எலும்பை எடுத்தால், சுப்ராஸ்பைனேட்டஸ் ஒட்டும் முடிச்சு எலும்பின் உருண்டைத் தலையை விட உயர்ந்து நிற்கும். அதனால் தசைக்கு நல்ல நெம்புகோல் கிடைக்கிறது, ஆனால் கையைத் தலைக்கு மேல் சுழற்றுவது சிரமம். சிம்பன்சியிலும் கிப்பனிலும் அந்த முடிச்சு தாழ்ந்திருக்கும், தோள் எந்தப் பக்கமும் திரும்பும். தோண்டி எடுத்த புதைபடிவத்தில் ஒரு துண்டு மேற்கை எலும்பு கிடைத்தால்கூட அந்த விலங்கு எங்கே எப்படி நடமாடியது என்று ஓரளவு சொல்ல முடிவது இதனால்தான்.

டாக்டர் சொன்ன செர்ரேட்டஸ் குரங்குக்கும் உண்டு. குரங்குக்குக் காறை எலும்பு இருப்பதால் தோள் முன்பக்கம் சரிந்துவிடாது, ஆனால் நெஞ்சுக்கூட்டைத் தாங்கும் வேலை தசைக்குத்தான். மனிதக் குரங்குகளில் இதே தசையின் கீழ்ப்பகுதி இன்னொரு வேலையும் செய்கிறது. கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பைச் சுழற்றுவது. மனித உடற்கூறுப் புத்தகங்களில் கழுத்துப் பக்கத்து ட்ரபீசியஸும் இதில் பங்காளி. 1991-ல் லார்சன், ஸ்டெர்ன், ஜங்கர்ஸ் மூவரும் சிம்பன்சியில் பதிந்தபோது மேல் ட்ரபீசியஸின் துடிப்பு தலையைத் திருப்புவதோடு அதிகம் பொருந்தியது.

கடைசியாக, முழங்கையைப் பற்றி. குரங்குகள் மெல்லிய கழியில் நடக்கும்போது முழங்கையைக் கூடுதலாக மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, நீண்ட அடியாக எடுத்து வைக்கும். ஷ்மிட் 1999-ல் இதை அளந்து எழுதினார். கை வாங்கும் உச்ச விசை குறைகிறது, கிளை ஆடுவதும் குறைகிறது. ஆனால் மடங்கிய முழங்கையைத் தாங்கிப் பிடிக்க ட்ரைசெப்ஸ் அதிகம் உழைக்க வேண்டும். கிளையை ஆட்டாமல் போவதற்கு அது கொடுக்கும் விலை அது.

முருங்கைக்காடு எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. பபூன் விரலை மட்டும் ஊன்றி உள்ளங்கையைத் தூக்கி நடக்கும், சிம்பன்சி விரல் கணுவை ஊன்றும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

முதுகலை மாணவி எழுதியது:

இல்லை. பபூனும் பட்டாஸ் குரங்கும் விரல்களின் அடிப்பக்கத்தை ஊன்றி மணிக்கட்டை நிமிர்த்தி நடக்கும். இதனால் கை நீளமாகிறது. வேடிக்கை என்னவென்றால் வேகம் கூடக் கூட உள்ளங்கை கீழே இறங்கிவிடுகிறது. ஓடுவதற்காக விரலில் நிற்கும் நாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பிரன் பட்டேலின் ஆய்வு காட்டியது. சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா மூன்றும் விரலை மடக்கி நடுக்கணுவின் மேற்புறத்தை ஊன்றுபவை. உராங்குட்டான் பெரும்பாலும் முஷ்டியை ஊன்றும்.

ஜிம் தமிழன் எழுதியது:

எல்லாம் குரங்கைப் பற்றியே போகிறது. மனிதனும் பிரைமேட்தானே? நாம் நடக்கும்போது கை வீசுகிறோமே, அதில் லாட்ஸுக்கும் (லாட்டிசிமஸ்தான்) தோளின் மேல் இருக்கும் டெல்டாய்டுக்கும் வேலை உண்டா, இல்லை சும்மா ஆடுகிறதா? சிம்பன்சி நம்மை விடப் பல மடங்கு பலம் என்பதும் உண்மையா என்று யாராவது சொல்லுங்கள்.

தோள்மூட்டு எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பல மடங்கு' என்பது கதை. 2017-ல் மேத்யூ ஓ'நீல் குழு சிம்பன்சித் தசை நார்களை எடுத்து அளந்தது. அதே அளவு மனிதத் தசையை விட உச்சத் திறன் 1.35 மடங்குதான் வந்தது. காரணம், சிம்பன்சியிடம் வேகமாகச் சுருங்கும் நார் ஏறத்தாழ 67 சதவீதம். நம்மிடம் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் தாங்கும் நார்தான் அதிகம்.

இப்போது கை வீச்சு. வெறும் ஊசல் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1939-ல் ஹெர்பர்ட் எல்ஃப்ட்மன் கணக்குப் போட்டு, கால்கள் வீசும்போது உடம்பு செங்குத்து அச்சில் திருகப் பார்ப்பதைக் கைவீச்சு சமன் செய்கிறது என்று காட்டினார். 2009-ல் காலின்ஸ், அடாம்சிக், குவோ மூவரும் ஆட்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். கையை அசைக்காமல் வைத்து நடந்தால் உடல் செலவழிக்கும் ஆற்றல் 12 சதவீதம் கூடியது. வழக்கத்துக்கு எதிராக, இடது காலோடு இடது கை போகும்படி வீசினால் 26 சதவீதம் கூடியது. கையை வீசுவதற்குத் தோள் செலவழிப்பது கொஞ்சம்தான், கிடைக்கும் மிச்சம் பெரிது.

ஆனால் தசை முழுக்கத் தூங்கவில்லை. 1965-லேயே மனிதர்களின் நடையில் தோள் தசைகளைப் பதிந்தார்கள். பின் டெல்டாய்டு, லாட்டிசிமஸ், டெரஸ் மேஜர் ஆகியவற்றில் மெல்லிய துடிப்பு இருந்தது. முன்னால் வீசிய கையை அடக்கித் திருப்புவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. மேலே நான் சிம்பன்சியைப் பற்றி எழுதியதைப் பாருங்கள், அங்கேயும் லாட்டிசிமஸ் முன்னால் வீசும் கையை அடக்கத்தான் துடித்தது. நாம் தரையில் கை ஊன்றுவதை விட்டு எத்தனையோ லட்சம் ஆண்டு ஆகிறது, அந்த வேலை மட்டும் தொடர்கிறது.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

இதில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். 1989 கட்டுரையில் இருந்த பெரிய யோசனை நரம்பைப் பற்றியது. பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்த பிறகும் பயிற்சி கொடுத்தால் அதன் பின்கால்கள் டிரெட்மில்லில் நடை போடும். தண்டுவடத்திலேயே நடைக்கான தாளம் இருக்கிறது. குரங்கில் அப்படி வரவழைப்பது மிகக் கடினம். பிரைமேட்டில் மூளைப் புறணியிலிருந்து கைத் தசைக்கான நரம்புகளுக்கு நேரடி இணைப்பு உண்டு. ஆகவே கை தண்டுவடத் தாளத்திலிருந்து ஓரளவு விடுபட்டு மூளையின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது, தோள் தசைகள் நடையில் வேறு மாதிரி துடிப்பது அதன் அடையாளம் என்று லார்சனும் ஸ்டெர்னும் அன்று எழுதினார்கள். பழம் பறிக்கவும் பூச்சி பிடிக்கவும் கை வேண்டும், நடையின் தாளத்துக்கு அது அடிமையாக இருக்கக்கூடாது. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

ஆனால் தோள்மூட்டு அவர்கள் சொன்ன மனிதப் பதிவில் ஒன்றை விட்டுவிட்டார். கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னாலும் தோள் தசைகள் நடையின் தாளத்துக்கு லேசாகத் துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. 2012-ல் ஜெர்மனியில் செய்த பதிவிலும் அப்படியே வந்தது. கைக்கு மூளையின் கட்டுப்பாடு மிக அதிகமாக இருக்கும் பிரைமேட் நாம்தான். நம்மிடமே தாளம் போகவில்லை என்றால், 'விடுபட்டது' என்று சொல்வதை விட 'மேலே இன்னொரு கட்டுப்பாடு வந்து சேர்ந்தது' என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

தோள்மூட்டு எழுதியது:

அதை முழுமனதோடு ஏற்கிறேன், ஐயா. பக்கவாதம் வந்தவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும்போது கைவீச்சையும் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காலும் கையும் அந்தத் தாளத்தில் இன்னும் இணைந்திருக்கின்றன.

மலைக்காற்று தம்பிக்கு ஒரு யோசனை. வீடியோவில் தசைத் துடிப்பு தெரியாது, ஆனால் முழங்கைக் கோணம் தெரியும். அதே குரங்குக் கூட்டத்தைத் தார் ரோட்டிலும் கேபிள் ஒயரிலும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கை ஊன்றி நடுவில் இருக்கும் ஃப்ரேமில் முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து போடுங்கள். கேமரா உடம்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கோணம் பிசகும்.

மலைக்காற்று எழுதியது:

ஒயரில் நடக்கும் வீடியோக்கள் கொஞ்சம் இருக்கின்றன, ஆனால் எல்லாம் கீழிருந்து எடுத்தவை. பக்கவாட்டில் எடுக்க எதிர் வீட்டு மொட்டை மாடி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன். குட்டியைச் சுமந்து போகும் தாய்க் குரங்கு வந்தால் அதையும் தனியாக அளக்கவா? குட்டி வயிற்றில் தொங்கும்போது எடை இன்னும் முன்னால் போகுமே?

கால்நடை வைத்தியன் எழுதியது:

கட்டாயம் அளந்து போடுங்கள். குட்டி எந்த இடத்தில் தொங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குக் கீழேயா, வயிற்றுக்குக் கீழேயா என்பதைப் பொறுத்துக் கையின் சுமை மாறும். தாய் ஓடாமல், சீராக நடக்கும் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.